மெல்பர்ன் நகரில் டிராம் நிலைத்தது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தெருவில் தண்டவாளம் பதித்து ஓட்டிவந்த டிராம் வண்டிகளைப் பெருநகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. லண்டனில் 1952இலும், சென்னையில் 1953இலும், சிட்னியில் 1961இலும், பிரிஸ்பேனில் 1969இலும் அந்தக் காலத்து டிராம்களின் கடைசி வண்டி பணிமனைக்குத் திரும்பியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான மெல்பர்னில் அது நடக்கவில்லை. இன்று அங்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைப் பாதையில், 24 தடங்களில், 1,700க்கும் மேற்பட்ட நிறுத்தங்களைத் தொட்டு டிராம்கள் ஓடுகின்றன. உலகில் இப்போது இயங்கிவரும் நகர டிராம் அமைப்புகளில் மிகப் பெரியது இதுதான். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் இதில் ஆண்டுக்கு 20 கோடிக்கும் அதிகமான பயணங்கள் பதிவாயின.

மெல்பர்ன் மக்களுக்கு டிராம் மீதிருந்த பிரியமே அதைக் காப்பாற்றியது என்று பலர் சொல்வதுண்டு. அந்தப் பிரியம் உண்மையானதுதான், ஆனால் அதில் பெரும்பகுதி பின்னால் வந்தது. 1950களில் டிராம் ஒரு பழைய சாமான், மோட்டார் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற பேச்சு மற்ற நகரங்களைப் போலவே மெல்பர்னிலும் பலமாக இருந்தது. அந்தப் பேச்சையும் மீறி டிராம் நிலைத்ததற்கு, பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்ட சில முடிவுகளும், அவற்றால் ஏற்பட்ட காலதாமதங்களும் பெரிய காரணம். எல்லா நகரங்களும் மின்சார டிராமுக்கு மாறிக்கொண்டிருந்தபோது மெல்பர்ன் மாறவில்லை. எல்லா நகரங்களும் டிராமை ஒழித்துக்கொண்டிருந்தபோது மெல்பர்னின் மின்தடங்கள் இன்னும் தேய்ந்துபோகவில்லை. இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால்தான் அந்த நகரத்தின் டிராம் வரைபடம் ஏன் இன்றிருக்கும் வடிவத்தில் இருக்கிறது என்பதும், அதன் இன்றைய குறைகள் எங்கிருந்து வந்தன என்பதும் விளங்கும்.

1837இல் நில அளவையாளர் ராபர்ட் ஹாடில் வகுத்த கட்டங்கட்டமான வரைபடத்தின்படி மெல்பர்னின் மையப்பகுதி அமைந்தது. அதன் முதன்மைத் தெருக்களுக்கு அவர் கொடுத்த அகலம் 99 அடி, அதாவது சுமார் 30 மீட்டர். குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் போய்வந்த காலத்துக்கு அது தேவைக்கு மிஞ்சிய அகலம். நடுவில் இரண்டு தண்டவாளப் பாதைகள் போட்ட பிறகும் இரு பக்கமும் வண்டிகள் போக இடம் இருக்கும் என்பது பின்னாளில் டிராமுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்களில் முக்கியமானதாக ஆயிற்று. 1850களில் விக்டோரியாவில் தங்கம் கிடைத்து, உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிந்ததில் நகரம் மளமளவென்று வளர்ந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் போர்ட்மன் கிளாப் என்ற அமெரிக்கர். அவர் 1869இல் குதிரை பூட்டிய ஆம்னிபஸ் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தெருவில் தண்டவாளம் பதிக்கவும் அவருக்கு விருப்பம் இருந்தது. ஆனால் அதற்கான சட்டம் 1883இல்தான் நிறைவேறியது. (பிற்காலத்தில் விக்டோரியா ரயில்வேயின் தலைவராகப் புகழ்பெற்ற ஹரால்ட் கிளாப் இவருடைய மகன்.)

அந்தச் சட்டம் வகுத்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. மெல்பர்னையும் அதைச் சுற்றியிருந்த புறநகர்களையும் ஆண்ட பன்னிரண்டு நகராட்சிகள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வாரியத்தை அமைத்தன. கடன் வாங்கித் தண்டவாளத்தையும் இயந்திர நிலையங்களையும் கட்டும் பொறுப்பு அந்த வாரியத்துடையது. கிளாப்பின் நிறுவனம் அவற்றை 1916 வரை குத்தகைக்கு எடுத்து, வண்டி ஓட்டி, வருமானத்திலிருந்து அந்தக் கடனுக்கான வட்டியையும் அசலையும் கட்டிவர வேண்டும். குத்தகை முடிந்ததும் எல்லாம் நகராட்சிகளின் கைக்கு வந்துசேரும். பொதுச் சொத்து, தனியார் இயக்கம் என்ற இந்த ஒப்பந்த முறை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வேறு பெயரில் மெல்பர்னுக்குத் திரும்ப வந்தது. ஆனால் அப்போது முக்கியமாக அமைந்தது 1916 என்ற அந்த ஒரு கெடு. அதுவரை நகர மையத்துக்குள் டிராம் ஓட்டும் உரிமை, நடைமுறையில், ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது.

அந்த நிறுவனம் தேர்ந்தெடுத்தது கேபிள் டிராம். சான்பிரான்சிஸ்கோவில் 1873இல் தொடங்கிய தொழில்நுட்பம் அது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் அதே முறையில் ஒரு பாதையைக் கட்டி அனுபவம் பெற்றிருந்த ஜார்ஜ் டங்கன் என்ற பொறியாளர் மெல்பர்ன் வேலைக்கு அழைக்கப்பட்டார். முதல் பாதை 1885 நவம்பர் 11ஆம் தேதி, நகர மையத்திலிருந்து ரிச்மண்ட் வழியாக ஹாதார்ன் பாலம் வரை திறக்கப்பட்டது.

இதன் இயக்கம் இன்றைய வாசகருக்குப் புதிதாக இருக்கும். வண்டியில் எஞ்சினும் இல்லை, மேலே மின்கம்பியும் இல்லை. தெருவின் அடியில், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, ஒரு குறுகிய சுரங்க வாய்க்கால். அதன் மேற்புறத்தில் நீளவாக்கில் ஒரு பிளவு. வாய்க்காலுக்குள் முறுக்கிய எஃகு வடம் ஒன்று, காலையிலிருந்து இரவு வரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதை இழுப்பவை தெருமுனைகளில் கட்டப்பட்ட இயந்திர நிலையங்களில் இருந்த நீராவி எஞ்சின்கள். டிராமின் முன்வண்டியில் நிற்கும் பிடிகாரர் ஒரு நெம்புகோலை இழுத்தால், பிளவின் வழியே கீழே இறங்கியிருக்கும் இரும்புப் பிடி ஓடும் வடத்தைக் கவ்வும், வண்டி நகரும். பிடியைத் தளர்த்தி பிரேக் கட்டையை அழுத்தினால் வண்டி நிற்கும். இரண்டு பாதைகள் குறுக்கிடும் சந்திகளில் ஒரு வடம் மற்றொன்றின் அடியில் செல்லும் என்பதால், பிடிகாரர் சரியான இடத்தில் வடத்தை விட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே சந்தியைத் தாண்டி, மறுபக்கத்தில் மீண்டும் வடத்தைப் பற்ற வேண்டும். விட வேண்டிய இடத்தில் விடாவிட்டால் பிடியும் வடமும் சேதமாகும். சந்தியின் நடுவில் வேகம் தீர்ந்துவிட்டால் வண்டியைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும். இவ்வளவு நுணுக்கமான கைவேலையை நம்பி ஒரு பெருநகரத்தின் அன்றாடப் போக்குவரத்தே நடந்தது.

அது நன்றாகவும் நடந்தது. 1891க்குள் கேபிள் பாதைகள் சுமார் 75 கிலோமீட்டருக்கு விரிந்திருந்தன. ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கிய கேபிள் டிராம் அமைப்புகளில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அது. பதினோரு இயந்திர நிலையங்கள் வடங்களை இழுத்தன. அவற்றுள் சிலவற்றின் செங்கல் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. ஃபிட்ஸ்ராய் பகுதியில் நிக்கல்சன் தெருவும் கெர்ட்ரூட் தெருவும் சந்திக்கும் மூலையில் அப்படி ஒன்றைப் பார்க்கலாம்.

ஆனால் அந்த அமைப்பு கட்டி முடிந்த வேளையிலேயே உலகத்தின் தொழில்நுட்பம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1888இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் மேற்கம்பி மின்சார டிராம் வெற்றிகரமாக ஓடத் தொடங்கி, கேபிள் டிராமின் செலவில் ஒரு சிறு பங்கிலேயே பாதை போடலாம் என்பதைக் காட்டிவிட்டது. மெல்பர்னிலேயே 1889 அக்டோபரில், முந்தைய ஆண்டு நடந்த பொருட்காட்சியில் வைத்திருந்த மின்சார டிராம் கருவிகளைக் கொண்டு, பாக்ஸ் ஹில்லிலிருந்து டான்காஸ்டர் வரை ஒரு பாதை போடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். பழத்தோட்டங்களுக்கு நடுவே ஓடிய அந்தத் தடத்துக்குப் போதிய பயணிகள் கிடைக்கவில்லை. நிலச் சொந்தக்காரர்களுடன் தகராறு வேறு. 1896இல் அது மூடப்பட்டது. அந்தப் பாதை போன வழிக்கு ‘டிராம் சாலை’ என்ற பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

1891க்குப் பிறகு நில விலைகள் சரிந்து, வங்கிகள் மூடப்பட்டு, நகரத்தின் வளர்ச்சியே நின்றுபோனது. கேபிள் நிறுவனத்துக்கு வாங்கிய கடன் இருந்தது, நன்றாக ஓடும் வடங்கள் இருந்தன, 1916 வரை உரிமையும் இருந்தது. மின்சாரத்துக்கு மாறுவதற்கு அதற்கு எந்த அவசரமும் இல்லை. சிட்னி போன்ற நகரங்கள் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேகமாக மின்மயமானபோது மெல்பர்னின் மையம் கேபிளிலேயே ஓடிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம்.

மையத்துக்குள் நுழைய முடியாத மின்சார டிராம் புறநகர்களில் முளைத்தது. 1906இல் எசண்டன் பகுதிக்கு, மின்விளக்கு வணிகத்தையும் சேர்த்து நடத்திய ஒரு தனியார் நிறுவனம் பாதை போட்டது. அதே ஆண்டில் விக்டோரியா ரயில்வே, செயின்ட் கில்டாவிலிருந்து பிரைட்டன் வரை, ரயிலுக்குரிய அகலப் பாதை அளவிலேயே டிராம் ஓட்டத் தொடங்கியது. பிறகு நகராட்சிகள் களத்தில் இறங்கின. பிரரான், மால்வெர்ன் நகராட்சிகள் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை வாரியம் 1910இல் தன் முதல் தடத்தைத் திறந்தது. அதன் வெற்றியைப் பார்த்து ஹாதார்ன், பிரன்ஸ்விக், நார்த்கோட், ஃபுட்ஸ்கிரே ஆகிய பகுதிகளிலும் அதுபோன்ற வாரியங்கள் தோன்றின.

இந்த நகராட்சி வாரியங்கள்தான் இன்றைய டிராம் வரைபடத்தின் பாதியை எழுதியவை என்பது என் கருத்து. கிழக்கிலும் தென்கிழக்கிலும் வசதியான, வரி வருமானம் உள்ள நகராட்சிகள் இருந்தன. அங்கே தடங்கள் அடர்த்தியாகப் பதிக்கப்பட்டன. மேற்கில் ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஃபுட்ஸ்கிரேயின் வாரியம் சிறியது, தாமதமாக வந்தது, அங்கே போடப்பட்ட உள்ளூர்த் தடங்களும் 1960களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. இன்றும் மெல்பர்னின் டிராம் வரைபடத்தை விரித்தால் கிழக்குப் பக்கம் கோடுகள் நெருங்கியிருப்பதையும் மேற்குப் பக்கம் வெறுமையாக இருப்பதையும் காணலாம். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நகராட்சிகளின் செல்வ நிலை தெருவில் இரும்பாகப் பதிந்து அப்படியே இருக்கிறது.

அக்காலத்தின் மற்றொரு தடயம், ரயில் பாதையும் டிராம் பாதையும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் சந்திகள். உலகில் அரிதாகவே காணப்படும் ஏற்பாடு இது. கூயோங் நிலையத்தருகே கிளென்ஃபெரி சாலையில் ஓடும் 16ஆம் தட டிராம், கிளென் வேவர்லி ரயில் பாதையைக் குறுக்காகக் கடக்கிறது. ரயிலுக்கான மேற்கம்பியில் 1,500 வோல்ட்; டிராமுக்கு 600 வோல்ட். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேற்கம்பிகள் ஒரு சதுரமாக அமைக்கப்பட்டு, மற்ற கம்பிகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ரயில் வரும்போது ஒரு மின்னழுத்தமும் டிராம் வரும்போது மற்றொன்றும் அந்தச் சதுரத்துக்கு மாற்றித் தரப்படுகிறது. ரயில்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தே செல்ல வேண்டும். ஒரு காலத்தில் மின்மயமான இத்தகைய சந்திகள் நான்கு இருந்தன. கார்டினரில் 2016இலும் கிளென்ஹன்ட்லியில் 2023இலும் ரயில் பாதை தாழ்த்தப்பட்டு அவை நீக்கப்பட்டன. கூயோங்கிலும் ரிவர்ஸ்டேலிலும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

கேபிள் நிறுவனத்தின் குத்தகை 1916இல் முடிந்தது. 1919இல் மெல்பர்ன் பெருநகர டிராம் வாரியம் அமைக்கப்பட்டு, கேபிள் தடங்களும் நகராட்சி வாரியங்களின் தடங்களும் அதன்கீழ் ஒன்றாக்கப்பட்டன; ரயில்வேயின் டிராம்கள் மட்டும் தனியாகவே நின்றன. புதிய வாரியத்தின் கைக்கு வந்தவை வெவ்வேறு அளவும் அமைப்பும் கொண்ட வண்டிகள், ஒன்றோடொன்று சேராத தடங்கள், நடுவில் காலாவதியான ஒரு கேபிள் அமைப்பு. அதன் முதல் தலைவரான அலெக்ஸ் கேமரன், கேபிள் தடங்களை மின்மயமாக்கவும் பிரிந்து கிடந்த மின்தடங்களை நகர மையத்தோடு இணைக்கவும் 1923இல் ஒரு பொதுத் திட்டத்தை முன்வைத்தார். அதே ஆண்டில் டபிள்யூ வகை டிராம் அறிமுகமானது. இந்த வகையில் 1956 வரை 750க்கும் மேற்பட்ட வண்டிகள், பெரும்பாலும் வாரியத்தின் சொந்தப் பட்டறைகளிலேயே கட்டப்பட்டன. இன்று அஞ்சலட்டைகளில் மெல்பர்னின் அடையாளமாக இடம்பெறும் பழைய வண்டி இதுதான்.

கேபிளிலிருந்து மின்சாரத்துக்கு மாறும் வேலை 1920களின் நடுவில் தொடங்கியது. 1930களின் பொருளாதார மந்தம் அதைத் தாமதப்படுத்தியது. கடைசி கேபிள் டிராம் 1940 அக்டோபர் 26ஆம் தேதி பர்க் தெருவிலிருந்து நார்த்கோட் தடத்தில் ஓடி ஓய்ந்தது.

அந்தக் கடைசித் தடத்துக்குப் பதிலாக வாரியம் மின்சார டிராம் விடவில்லை. இரட்டை அடுக்குப் பேருந்துகளை விட்டது. மெல்பர்னின் டிராம் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள சோதனை வேறு எதுவும் இல்லை என்பேன். நகரத்தின் மிகப் பரபரப்பான தெருக்களில் ஒன்றில், டிராம் சுமந்த கூட்டத்தைப் பேருந்து சுமக்குமா என்று எல்லோரும் பதினைந்து ஆண்டுகள் நேரில் பார்த்தார்கள். போர்க்கால எரிபொருள் தட்டுப்பாடும், உச்ச நேரக் கூட்டமும், வண்டிகளின் தேய்மானமும் சேர்ந்து விடையைச் சொல்லின. 1955-56இல், உலகெங்கும் டிராம் தடங்கள் பெயர்க்கப்பட்ட அதே ஆண்டுகளில், மெல்பர்னில் பர்க் தெருவில் புதிதாகத் தண்டவாளம் பதித்துப் பேருந்துகளின் இடத்தில் மின்சார டிராம் விடப்பட்டது. அந்த 1956ஆம் ஆண்டில்தான் அங்கே ஒலிம்பிக் போட்டிகளும் நடந்தன.

அந்த முடிவில் உறுதியாக நின்றவர் 1949 முதல் 1970 வரை வாரியத்தின் தலைவராக இருந்த ராபர்ட் ரிசன். பொறியாளரும் படைத் தளபதியுமாக இருந்தவர். தனியாக அவர்தான் டிராமைக் காப்பாற்றினார் என்று சொல்வது மிகையாகும். ஆனால் அவர் இல்லாவிட்டால் மற்றக் காரணங்கள் போதுமானவையாக இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. உச்ச நேரத்தில் ஒரே ஓட்டுநரைக் கொண்டு பேருந்தைவிட அதிகம் பேரை டிராம் சுமக்கிறது, இறக்குமதி எரிபொருள் இல்லாமல் உள்ளூர் நிலக்கரி மின்சாரத்திலேயே ஓடுகிறது, தெருக்களோ போதிய அகலம் உள்ளவை என்று அவர் திரும்பத்திரும்ப வாதிட்டார். வாதத்தோடு நிற்காமல், தண்டவாளங்களைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவற்றைக் கெட்டியான கான்கிரீட்டில் பதிக்கச் செய்தார். அப்படிப் பதித்த பாதையைப் பெயர்த்தெடுப்பதற்கே பெருஞ்செலவாகும். டிராமை ஒழிக்க நினைப்பவர்கள் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று.

தொழிற்சங்கத்துக்கும் இதில் பங்குண்டு. மற்ற நகரங்களில் டிராமை விட்டுப் பேருந்துக்கு மாறியபோது கிடைத்த பெரிய லாபம், நடத்துநர் இல்லாமல் ஓட்டுநர் ஒருவரே பேருந்தை நடத்தியதால் மிச்சமான கூலி. மெல்பர்னில் டிராமுக்குப் பதிலாக வரும் பேருந்திலும் நடத்துநர் இருக்க வேண்டும் என்பதில் சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மிச்சம் இல்லையென்றால் மாற்றத்துக்குக் கணக்கே கூடிவராது.

சிட்னியோடு ஒப்பிட்டால் காலதாமதத்தின் பலன் தெளிவாகத் தெரியும். உச்சத்தில் சிட்னியின் டிராம் அமைப்பு மெல்பர்னுடையதைவிடப் பெரியது; 1920களில் அதற்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர் பாதை இருந்தது. ஆனால் அது முன்கூட்டியே மின்மயமானதால், இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது தண்டவாளமும் வண்டிகளும் ஒன்றாகத் தேய்ந்திருந்தன. எல்லாவற்றையும் புதுப்பிக்கப் பெருந்தொகை வேண்டும் என்ற நிலையில், அரசு பேருந்தைத் தேர்ந்தெடுத்தது. குறுகலான மத்தியத் தெருக்களும் சேர்ந்து அந்த முடிவை எளிதாக்கின. மெல்பர்னின் மையத் தடங்களோ அப்போது இருபது, முப்பது வயதே ஆனவை. உடனடியாகப் பெரிய செலவு செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி அங்கே வரவில்லை. சிட்னி 1997இல் மீண்டும் டிராமுக்குத் திரும்பி, 2019இல் தன் மைய வீதியான ஜார்ஜ் தெருவில் பெருஞ்செலவில் புதுத் தண்டவாளம் பதித்தது.

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது காற்று டிராமுக்குச் சாதகமாகத் திரும்பியது. 1975 முதல் இசட் வகைப் புது வண்டிகள் வந்தன. 1978இல் கிழக்கு பர்வுட்டுக்குத் தடம் நீண்டது. 1987இல் செயின்ட் கில்டா, போர்ட் மெல்பர்ன் ரயில் பாதைகள் டிராம் பாதைகளாக மாற்றப்பட்டன. தனிப் பாதையில் ஓடும் அந்தப் பகுதிகளில்தான் மெல்பர்ன் டிராம் உண்மையான வேகத்தில் செல்கிறது.

அதன் பிறகு நடந்த பெரிய மோதல் நடத்துநர்களைப் பற்றியது. பயணிகளே சுரண்டிப் பயன்படுத்தும் பயணச்சீட்டைக் கொண்டுவந்து நடத்துநர்களை நீக்க மாநில அரசு முயன்றபோது, 1990 ஜனவரி தொடக்கத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும் முன் தொழிலாளர்கள் வண்டிகளை நகர மையத் தெருக்களில் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினர். ஒரு மாதத்துக்கும் மேலாக அவை அங்கேயே நின்றன. அரசு அப்போது பின்வாங்கினாலும், 1998க்குள் நடத்துநர் பணி அடியோடு ஒழிக்கப்பட்டது. பயணிகளுக்கு வழி சொல்லவும், முதியவர்களுக்குக் கைகொடுக்கவும், சீட்டில்லாப் பயணத்தைத் தடுக்கவும் ஒரே ஆளாக இருந்தவரை இழந்தது பெரிய நட்டம் என்றே நான் கருதுகிறேன்; அந்த இடத்தை எந்த இயந்திரமும் இன்றுவரை நிரப்பவில்லை.

1999இல் இயக்கம் தனியாருக்கு விடப்பட்டது. இரண்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட வலையமைப்பின் ஒரு பாதியை நடத்திய நிறுவனம் 2002 இறுதியில் விலகிக்கொண்டதால், 2004 முதல் முழுவதும் யாரா டிராம்ஸ் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தது. ஒப்பந்ததாரர்கள் மாறினாலும் அந்தப் பெயர் தொடர்கிறது. தண்டவாளமும் கம்பிகளும் அரசின் உடைமை.

இன்றைய முதன்மைச் சிக்கல் வேகம். பாதையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை டிராம் மற்ற வாகனங்களோடு பகிர்ந்துகொள்கிறது. அதன் சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் அளவிலேயே இருக்கிறது. காரை டிராம் பாதையிலிருந்து விலக்கி வைக்க நகர மையத்தில் ஒரு தனி விதியே உண்டு. இடப்பக்கமாக ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் சாலையின் நடுப்பகுதிக்கு வந்து காத்திருப்பது வழக்கம். மெல்பர்ன் மையத்தில் அப்படிக் காத்திருந்தால் தண்டவாளத்தில் நிற்க வேண்டியிருக்கும். எனவே அங்கே வலப்பக்கம் திரும்புபவர், சந்திக்குள் நுழைந்து இடது ஓரத்துக்கே சென்று, குறுக்குத் தெருவுக்குப் பச்சை விளக்கு விழும்வரை காத்திருந்து, பிறகு எல்லாத் தடங்களையும் கடந்து திரும்ப வேண்டும். வெளியூர் ஓட்டுநர்களைத் திணறடிக்கும் இந்த விதி டிராமுக்கு முன்னுரிமை தருவது என்றால் என்ன என்பதைச் செயலில் காட்டுகிறது. மையத்தைத் தாண்டியதும் அந்த முன்னுரிமை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

பிரன்ஸ்விக் பகுதியின் சிட்னி சாலை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இரு ஓரங்களிலும் கார்கள் நிறுத்தப்பட்டிருக்கும் குறுகலான கடைத்தெரு அது. 19ஆம் தட டிராம் கார்களுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும். நிறுத்தம் என்பது நடைபாதையில் நட்ட ஒரு கம்பம்தான். டிராம் சாலையின் நடுவில் நின்று கதவைத் திறக்கும். பின்னால் வரும் கார்கள் நின்றாக வேண்டும் என்ற சட்டத்தை நம்பி, பயணி வாகனத் தடத்தைக் குறுக்கே கடந்து, வண்டியின் படிகளில் ஏறுவார். சட்டத்தை மதிக்காத ஓட்டுநர் ஒருவர் போதும், விபரீதம் நடப்பதற்கு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த நிறுத்தமே பயனற்றது.

டிராம் தொடாத ஊர்களின் பிரச்சினை வேறு. 2003இல் பாக்ஸ் ஹில்லுக்கும் 2005இல் தெற்கு வெர்மாண்டுக்கும் நீட்டிக்கப்பட்ட பிறகு, மையத்தை ஒட்டிய துறைமுக மறுகட்டமைப்புப் பகுதியைத் தவிர, வலையமைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நகரமோ பல மடங்கு பரந்துவிட்டது. முதல் மின்சார டிராம் ஓடிய டான்காஸ்டருக்கு இன்று டிராமும் இல்லை, ரயிலும் இல்லை. ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்று குடியேறிய தமிழர்கள் கணிசமாக வாழும் டான்டினாங் வட்டாரமும், மேற்கில் புதிதாக எழுந்த விண்டம் வட்டாரமும் டிராம் தண்டவாளத்தின் கடைசி முனையிலிருந்து வெகுதொலைவில் இருக்கின்றன. 2015 முதல் நகர மையத்துக்குள் டிராம் பயணம் இலவசம் என்றாலும், அந்தச் சலுகை போய்ச் சேர்வது ஏற்கெனவே எல்லா வசதிகளும் சூழ வாழ்பவர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும்தான். அந்தத் தொகையைத் தடங்களை நீட்டவோ நிறுத்தங்களைச் சீராக்கவோ செலவிட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஆஸ்திரேலியப் பொதுப் போக்குவரத்து விதிகளின்படி, டிராம் நிறுத்தங்கள் 2022 இறுதிக்குள் எல்லோரும் ஏறக்கூடியவையாக மாறியிருக்க வேண்டும். வண்டிகளுக்கு 2032 இறுதிவரை கெடு. நிறுத்தங்களுக்கான கெடு நிறைவேறாமலேயே கடந்துவிட்டது. தாழ்தள வண்டி வந்தால் மட்டும் போதாது. வண்டியின் தரைமட்டத்துக்கு நிறுத்தத்தின் மேடையும் உயர்ந்திருக்க வேண்டும். 2018-19இல் இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தவை டிராம் சேவைகளில் 15 விழுக்காடு மட்டுமே என்று விக்டோரியா மாநிலத் தணிக்கை அலுவலகம் கண்டறிந்தது. பழைய வண்டிகளுக்குப் பதிலாக 100 ஜி வகைத் தாழ்தள டிராம்கள் செய்ய 2022இல் ஒப்பந்தம் போடப்பட்டது. அவை டான்டினாங்கிலேயே கட்டப்படுகின்றன. மேடை கட்டும் வேலையோ தெருவுக்குத் தெரு இழுபறியில் நிற்கிறது. ஒரு மேடைக்கு இடம் வேண்டுமென்றால் சில கார் நிறுத்துமிடங்களையாவது ஒரு வாகனத் தடத்தையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். கடைக்காரர்களும் கார் வைத்திருப்பவர்களும் எதிர்க்கிறார்கள், அரசு தள்ளிப்போடுகிறது. சிட்னி சாலையில் ஓரமாக நிற்கும் கார்களை அகற்றாமல் அங்கே மேடை கட்ட முடியாது. மேடை இல்லாமல் எவ்வளவு புதிய டிராம் வந்தாலும் சக்கர நாற்காலிக்காரர் ஏற முடியாது.